யார் வீட்டில் கூடுவது?

தாராவியில் ஒரு தோல் பைக் கடையில் நிற்கிறேன். கடைக்காரர் காதர் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எனக்கு ஜிப்பை இழுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவர் போன் சிணுங்குகிறது. பார்த்ததும் முகம் மாறுகிறது.

"மவன் அனுப்பியிருக்கான். சண்டை போட்டுட்டு கோபர்கைரனேக்குத் தனியா குடி போனவன், ஒரு வருசமா பேச்சில்ல. தமிழ் எழுத வராது, இங்கிலீசுல எழுதுதான். என்னன்னு பாருங்க தம்பி."

'வாப்பா, ஞாயிற்றுக்கிழமை கெட் டுகெதர் பண்ணலாமா?' என்று கேட்டிருக்கிறான்.

"எல்லாரும் ஒண்ணா கூடலாமான்னு கேக்குறார், பாய்."

"அது சரி. அவன் இங்க வாரானா, நாங்க அங்க போவணுமா?"

மறுபடி படிக்கிறேன். அந்தச் சொல்லில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. கூடினால் போதும் அதற்கு.

"அது இதுல இல்லையே, பாய்."

"வாங்கன்னு கூப்பிடவும் ரோசம், வாரேன்னு சொல்லவும் ரோசம். அப்படியே என்னைய மாதிரி" என்று சிரிக்கிறார். போனை வாயருகே வைத்து, "உம்மாவும் நானும் வாரோம்ல. மத்தியானச் சாப்பாடு அங்கதான்" என்று பேசி அனுப்புகிறார்.

பிறகு எதிர்க் கடையைப் பார்த்து இந்தியில் கத்துகிறார்: "சண்டே துகான் பந்த்!"

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாதாம். வாரத்தில் நல்ல வியாபாரமே அன்றுதான். எதிர்க் கடைக்காரர் நம்பாமல் எட்டிப் பார்க்கிறார்.