ஏழு வீட்டுத் துணி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். கணவர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் முன்னறை எங்கள் ராஜ்ஜியம். எங்கள் என்றால், நானும் கோவில்பதாகையிலிருந்து நடந்தே வரும் என் சிநேகிதியும். என்னைவிட ஒரு வயது சின்னவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். என்னுடையது பிறந்த வீட்டுச் சீராக வந்த, காலால் மிதிக்கும் தையல் மெஷின். கறுப்பு உடம்பில் தங்கப் பூக்கள் பாதி அழிந்திருக்கும். அவளுடையது அதைவிடப் பழசு, கையால் சுற்றுகிற மெஷின், பெட்டி மாதிரி மர மூடி போட்டது. அவள் வீடு ஒழுகும் என்பதால் அதை என் வீட்டிலேயே வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டு வரிசையில் இருப்பவர்கள் பழைய புடவை, வேட்டி, முழங்கை கிழிந்த சட்டை எல்லாம் கொண்டுவந்து போடுவார்கள். துண்டு துண்டாக வெட்டி, நிறம் பார்த்துச் சேர்த்து, நாலு மடிப்பு வைத்து ஒட்டுப் போர்வையாகத் தைத்துக் கொடுப்போம். ஓரத் தையல் எப்போதும் நான்தான். அவள் தைத்தால் கோணும். அவளைக் கேட்டால் என் மெஷின்தான் கோணல் என்பாள்.

மூன்றாவது ஆள் ஒரு பூனை. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று அதுவே நாங்கள் தைத்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். யாரும் வளர்க்கவில்லை, மெஷின் சத்தம் கேட்டால் வந்துவிடும். என் மிதிப்பலகையின் ஓரத்தில் படுத்துக்கொண்டு, நான் மிதிக்க மிதிக்கத் தொட்டிலில் கிடப்பது போல ஆடும். எத்தனை தடவை தள்ளிவிட்டாலும் திரும்ப வந்து படுக்கும்.

அந்த வருடம் நானும் பூனையும் ஒன்றாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எனக்கு அது மூன்றாவது. முதல் பிள்ளை ஆறு மாதத்தில் கலைந்தது. இரண்டாவது பிறந்து பதினோரு நாள் இருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

“ஏழு ஊட்டுத் துணி வாங்குக்கா,” என்றாள் சிநேகிதி. “புள்ள பெத்து வளத்த ஏழு ஊடு. மடிய ஏந்தி கேட்டு, அதுல போர்வ தச்சு புள்ளைய கெடத்து. நிக்கும்.”

“நீயே வாங்கிட்டு வாயேன்.”

“நான் கேட்டா செல்லாது. பெத்துக்கப் போறவதான் கேக்கணும்.”

நான் எவள் வாசலிலும் போய் மடியேந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். துணி கேட்பதில் எனக்கென்ன வெட்கம்? பழந்துணியில்தானே என் பிழைப்பே. அந்தப் பதினோராம் நாளுக்குப் பிறகு வரிசை முழுக்க என்னைப் பார்த்து ‘பாவம்’ என்றது. குழாயடியில் பாவம், ரேஷன் கடையில் பாவம். ஏழு வாசலில் போய் அதை இன்னொரு முறை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அது வீம்பு இல்லை, பயம். அப்போது யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

வீம்புக்கு ஒரு காரியம் செய்தேன். எட்டாம் மாதத்தில் கடைக்குப் போய்ப் புத்தம்புது பாப்ளின் நாலு நிறத்தில் வாங்கி வந்தேன். பிள்ளை பிறக்கும் முன்னே புதுத்துணி எடுக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் வெட்டினேன். நான் தைத்ததிலேயே அழகான போர்வை அதுதான். சிநேகிதி ஒருமுறைகூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தைத்து முடித்த மூன்றாம் நாள், மத்தியானம் சோறு வடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பூனை அந்தப் போர்வையின் மேல் மூன்று குட்டி போட்டிருக்கிறது. துணியெல்லாம் ஈரமும் ரத்தமும். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, துணி அளக்கும் மரக்கோலை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்துக் கத்தினேன். பூனை ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயிற்று. சிநேகிதி தன் மெஷினை மூடிவைத்தாள். அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. பிள்ளைத்தாய்ச்சி நான், குட்டி போட்ட ஒரு தாயை அடித்து விரட்டியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கத்தைவிட முன்னால் வந்தாள். வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

“மழ வர்றதுக்குள்ள போய் தேடுக்கா. குட்டி போட்ட பூன ஏழு ஊடு மாறும்னு சொல்லுவாங்க. இந்த வரிசையிலதான் எங்கியாச்சும் கீது.”

“நீயும் வாயேன்.”

“எனக்கு தையல் கெடக்குது,” என்று கை மெஷினைச் சுற்றத் தொடங்கினாள். ஊசியில் நூல் கோக்காமலே சுற்றினாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

முதல் வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, “பூனையத் தேடி வந்தீங்களா கண்ணு?” என்றார். “இங்க வந்துட்டுப் போயிருச்சுங்க. இந்தச் சட்டை மேலதான் படுத்திருந்துச்சு, நீங்களே எடுத்துக்குங்க.” அவர் மகனின் பழைய சட்டை அது. துவைத்து மடித்து வைத்திருந்தது. பூனை படுத்த துணியில் ஒரு மயிர்கூட இல்லையே என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் பூனை ‘வந்துவிட்டுப்’ போயிருந்தது, தூளி கட்டிய புடவையில் ஒரு துண்டு என் கைக்கு வந்தது. மூன்றாம் வீட்டில் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் சிநேகிதி முன்கூட்டியே சொல்லிவைத்த ஏற்பாடு. ஒருத்திகூடப் பாவம் என்று சொல்லவில்லை. ஐந்தாம் வீட்டைத் தாண்டும்போது, கேட்காமலே முந்தானையை விரித்துப் பிடித்திருந்தேன்.

ஆறாவது வீட்டுக்காரி ஊருக்குப் புதிது. “பூனையா? வரலையே,” என்றாள். நிஜமாகவே அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் கொடியில் சின்னச் சின்ன ஜட்டிகள் காய்ந்தன. திரும்பிப் போய்விடலாம். ஐந்து வீட்டுத் துணி கையில் இருக்கிறது, போதும் என்று சொல்லிக்கொள்ளலாம். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது.

“எனக்கு ரெண்டு புள்ள தங்கலைம்மா,” என்றேன். “உங்க குழந்தையோட பழந்துணி ஒண்ணு மடிப்பிச்சையா போடுங்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எத்தனை மாசம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடிக்குப் போனாள். ஏழாவது வீட்டில் கேட்க அவ்வளவு கஷ்டமாக இல்லை.

வீட்டுக்கு வந்தால், கை மெஷினின் மர மூடி மல்லாந்து கிடக்கிறது. அதற்குள் என் பாப்ளின் போர்வை, அதன்மேல் பூனை, மூன்று குட்டிகளும் பால் குடிக்கின்றன.

“பின்னாடி வெறகுக்குள்ள கெடந்துச்சு. நேத்தே பாத்துட்டேன்,” என்றாள் சிநேகிதி, தலை நிமிராமல்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை அனுப்பினியா?”

“துணி கேளுன்னா போவமாட்ட. பூனைன்னா போவ.” போர்வை நுனியை மூடிக்குள் செருகிக்கொண்டே, “அஞ்சு ஊட்லதாங்க்கா நேத்து சொல்லி வெச்சேன். அதுக்கு மேல மழ வந்துகினு இருந்துச்சு, ஊட்டுக்குப் போய்ட்டேன்,” என்றாள். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து தைத்தோம். ஓரத் தையலை அவளையே போடச் சொன்னேன். கோணலாகத்தான் போட்டாள்.

ஐப்பசி மழையில் மகள் பிறந்தாள். அந்தப் போர்வையில்தான் கிடத்தினோம். பதினோராம் நாள் முழுக்க அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் பசித்து வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் சிநேகிதியும் சிரித்தோம்.

மகள் ஓடியாடத் தொடங்கிய பிறகு ஒரு பகலில், கடைசி வீட்டுக்குக் குடிவந்த இளம்பெண் ஒருத்தி என் வாசலில் வந்து நின்றாள். மேடிட்ட வயிறு. முந்தானை நுனியை முறுக்குகிறாள், பிரிக்கிறாள், மறுபடி முறுக்குகிறாள்.

“பூனையைத் தேடி வந்தியாம்மா?” என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கி, ஆமாம் என்று தலையாட்டினாள். மகளின் பழைய கவுனை எடுத்துவரப் போனேன். பூனை எனக்குப் பின்னால் மிதிப்பலகையில்தான் எல்லாருக்கும் தெரியும்படி படுத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.