தேதி தவறாத இருளப்பன்

இருளப்பனிடம் யார் எதைக் கேட்டாலும் அவர் தேதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட மணி, கிழமை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சாப்பாட்டுக்கு வருவார் என்று ஊட்டி ஏரிக்கரையில் அவரைக் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களுக்கு என்ன? அவர்களில் ஒருவரும் ஒன்பது வயதில் மண்டபம் முகாமில் வரிசையில் நின்றதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, மார்ச் பதினான்கு. தலைமன்னாரிலிருந்து கப்பல். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்த பையனுக்குத் தாய்நாடு என்று முதலில் கண்ணில் பட்டது ஒரு மேசையும் அதன் பின்னால் ஒரு குமாஸ்தாவும்தான். அப்பா பதற்றத்தில் குடும்பக் கார்டில் இருந்த தேதியைப் பதின்மூன்று என்று சொல்லிவிட்டார். "கார்டுல ஒண்ணு, வாயில ஒண்ணு. யாருய்யா நீ?" என்றார் குமாஸ்தா. குடும்பமே வரிசையின் கடைசிக்குப் போனது. மறுபடி அந்த மேசைக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் அப்பா பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கப்பல் தேதி, கார்டு நம்பர், தோட்டத்தின் பெயர், பூர்வீக ஊர் எல்லாவற்றையும் மனப்பாடமாக்கிவிட்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் வர வேண்டும்.

வந்தது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, சாதிச் சான்றிதழ் என்று பிறகு எந்த ஜன்னலில் நின்றபோதும் அந்தப் பாராயணம்தான் அவரைக் கரை சேர்த்தது. நீலகிரி மலையில் சிலோனிலிருந்து வந்த இந்த ஜனங்களை அகதி என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இரண்டு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்ட ஆட்கள் ஐயா அவர்கள்! அதை நிரூபிக்க இருளப்பன் கையில் இருந்தது அந்தத் தேதி மட்டும்தான்.

குடும்பத்துக்குத் தேவாலாவில் தோட்ட வேலை கொடுத்தார்கள். வருடத்தில் பாதி மழை. இருளப்பன் வளர்ந்து அங்கேயே தெய்வம்மாவைக் கல்யாணம் செய்தார், ரேணுகாவைப் பெற்றார். தொண்ணூற்றைந்தில் வேலை குறைந்தபோது மூவருமாக ஊட்டிக்கு வந்தார்கள். ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் ஒப்பந்தக் கூலி. ஜனவரிக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அடுத்த வருடம் கரையோரம் கோரை மண்டிய சேற்றில் மண்ணைக் கொட்டி மேடாக்கி ஒரு வீடு கட்டினார். பிறகு அவர் வீட்டை ஒட்டி வரிசையாகப் பத்து வீடுகள் எழுந்தன. பக்கத்து வீடு பொன்ராஜுடையது. சுற்றுலாக்காரர்களுக்குச் சோளக்கதிர் சுட்டு விற்கிறவர், அதிலேயே சொந்தமாக ஒரு வேனும் வாங்கியவர். அவர் வீட்டுக்கு அஸ்திவாரக் கல் சுமந்ததும் இருளப்பன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு புதுமை வந்தது. வழிகாட்டி யாரும் வேண்டாமாம். கரை நெடுக நம்பர் போட்ட பன்னிரண்டு பலகைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு க்யூஆர் கட்டம். அதற்கு நேராக போனைக் காட்டினால் அந்த இடத்தின் கதையை போனே சொல்லும். அவரவர் இஷ்டத்துக்கு நடந்து கேட்டுக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் ஏரி வெட்டியது, ரயில் வந்தது, எல்லாம் ஆறு பலகையில் முடிந்துவிட்டது. ஏழாவதுக்குக் கரையில் வாழ்கிறவர்களின் கதை வேண்டும் என்று கலைமதி என்ற பெண் வந்தாள்.

பொன்ராஜ் விவரமான ஆள். "எப்பக் கட்டுனதுன்னுங்களா? அது ஆச்சுங்க ரொம்ப வருசம். எங்கப்பன் இருந்தவரைக்கும் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கதிரைத் திருப்பிப் போட்டார். மற்ற வீடுகளும் அப்படியே நழுவின. கலைமதி கடைசியில் இருளப்பன் வீட்டுக்கு வந்து, "ஐயா, நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை இவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கப்பலில் ஆரம்பித்தார். கார்டு நம்பர், தேவாலா, எல்லாம் முடித்து, "இந்த வீடு தொண்ணூத்தாறு ஜூன் ஒன்பது கட்டுனது தாயி. அப்ப இந்த எடத்துல தண்ணி நின்னுச்சு. நானே மண்ணு போட்டு நெரவுனேன். கடதாசி எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், பாக்குறீங்களா?" என்றார். அவள் அப்படியே பதிவு செய்துகொண்டாள். அவர் படத்தோடு பலகை வந்தது. சென்னை, பெங்களூர்க்காரர்கள் நின்று அவர் குரலைக் கேட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள். இருளப்பன் அந்த இரண்டு மாதம் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

பிறகு ஏரி எல்லையை அளக்க அதிகாரிகள் வந்தார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளை இப்போதைக்குத் தொடுவதில்லை, அதற்குப் பின்னால் ஏரியைத் தூர்த்துக் கட்டியதெல்லாம் ஆக்கிரமிப்பு என்று விதி. பதினோரு வீட்டில் பத்துக்கு எப்போது கட்டியது என்று சொல்ல ஆளில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் பலகையே இருந்தது. அதிகாரி போனைக் காட்டிக் கேட்டார். இருளப்பனின் குரல் தேதி, மாதம், வருடத்தோடு சொன்னது. தண்ணீர் நின்றதையும் சொன்னது. நோட்டீஸ் அவருக்கு மட்டும் வந்தது.

பொன்ராஜ் அன்றே ஓடி வந்தார். "ஏனுங்கண்ணா, இதுக்கெதுக்கு மனச உட்டுட்டீங்க? விசாரணையில எம்பத்தெட்டுன்னு சொல்லுங்க. வயசாச்சு, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானுங்க." தெய்வம்மா ஒரு வாரம் அவரை உட்கார வைத்துப் பழக்கினாள். "வீடு எப்ப கட்டுனது?" "எம்பத்தெட்டு." "சத்தமாச் சொல்லுங்க." "எம்பத்தெட்டு." இந்த வீடு போனால் அறுபது தாண்டிய இருவருக்கும் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

விசாரித்த அதிகாரி அம்மா நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார். பெயர், பூர்வீகம், எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். இருளப்பன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் குமாஸ்தா எழுதினார். கடைசியில் அந்த அம்மா பேனாவை மூடி வைத்து, "பெரியவரே, அந்தப் பலகையில வருஷத்தை ஞாபகப் பிசகா மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நினைக்கிறேன். அப்படித்தானே?" என்றார். தப்பித்துப் போகக் கதவைத் திறந்து விட்டார் என்று இருளப்பனுக்கும் விளங்கியது.

எண்பத்தெட்டு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது குமாஸ்தாவின் தாளைப் பார்த்தார். கப்பல் தேதி அதில் முதல் வரியில் இருந்தது. வீட்டுத் தேதி அதே தாளில், அதே கையெழுத்தில் ஏறப்போகிறது. இது பொய் என்று நாளைக்கு ஒருவன் கண்டுபிடித்தால் மேலே இருப்பதும் பொய்தானே என்பான். யாருய்யா நீ என்பான். வீடு போனால் வீடு மட்டும் போகும். அந்த முதல் வரி போனால் அவர் யாருமில்லை.

"தொண்ணூத்தாறும்மா. ஜூன் ஒன்பது. ஞாயித்துக்கெழம."

அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.

வெளியே காத்திருந்த தெய்வம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டைக் காலி செய்ய முப்பது நாள் கெடு. தேவாலாவில் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் இருக்கும் ரேணுகாவிடம்தான் போக வேண்டும். அவளோடு புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

சாயங்காலம் பொன்ராஜ் வந்தார். ஆறுதலாக என்னென்னவோ பேசினார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்கண்ணா, எங்க ஊட்டப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா?"

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "தொண்ணூத்தெட்டு பிப்ரவரி. கல்லு சொமந்தவன் நாந்தானேப்பா."

பொன்ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவருடைய வேன் இருளப்பன் வாசலில் நின்றது. கூட இரண்டு ஆள். "மழை புடிச்சா தேவாலா ரோடு மோசமாயிருமுங்கண்ணா, இப்பவே போயிட்டா நல்லது" என்று சொல்லிக்கொண்டே அவர் படுக்கையைச் சுருட்டிக் கட்டினார். ஆட்டுக்கல்லைத் தானே தோளில் தூக்கிப்போய் ஏற்றினார். தெய்வம்மா இன்னும் அடுப்புகூடப் பற்ற வைத்திருக்கவில்லை.

முப்பது நாள் இருந்தது. பொன்ராஜால் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை.