கூடை இல்லாமல் ஏறிய மூன்று மாடிகள்

எலுமிச்சம்பழத் தோல், புளி, அதற்கும் அடியில் போகவே போகாத மீன் வாடை... ரெஜினா அந்த அலுமினிய அன்னக்கூடையைத் தேய் தேய் என்று தேய்த்து, சபாவின் பின்பக்கக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். மயிலாப்பூர் வெயிலில் பார்க்கவே கண் கூசியது.

பத்து நிமிடத்தில் முடிகிற நாடகம், ஒரே ஆள் பேசுவது, ஏதாவது சொல்லு என்று இந்த முகநூல் பக்கத்தில் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். தி. நகர் துணிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் சேல்ஸ் பெண், தன் கால்களோடு பேசுகிற தனிநடிப்பு ஒன்று இருக்கிறது. நண்பன் எழுதியது. வீடு பார்க்க வந்தவர்களிடம் ஓனர் சாதியைக் கேட்காமலே கேட்டு முடிக்கிற எட்டு நிமிட நாடகம் இன்னொன்று. இரண்டையும் தாராளமாகப் போடுங்கள்.

மூன்றாவது என்னுடையது. அதைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கிண்டியில் முதல் வேலை, சாயங்காலம் நாடகம். ரெஜினா ஊரூர் குப்பத்துக்காரி. ஒரு சர்ச் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அவள் அம்மா பெசன்ட் நகர் அப்பார்ட்மென்ட்களில் மீன் விற்பவர். ஒரு அப்பார்ட்மென்ட்டில் லிஃப்டில் மீன் நாறுகிறது என்று சொல்லி அவரைப் படியில் ஏறச் சொல்லிவிட்டார்கள். அதை ரெஜினா எனக்குச் சொன்னாள். நான் எழுதினேன், அவள் நடித்தாள். நாலு மாடி, கூடையோடு ஏறுகிற ஒரு பெண், ஏறிக்கொண்டே பேசுகிறாள். அவ்வளவுதான் நாடகம்.

சபாவின் குறுநாடகப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் கமிட்டியிலிருந்து ஒருவர் எல்லா நாடகங்களையும் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்தவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். கத்த மாட்டார். சிரித்துக்கொண்டே பேசுவார். அதுதான் பயம்.

"ரொம்ப நன்னா பண்றேம்மா. அந்தக் கூடை மட்டும் வேண்டாம். கச்சேரி நடக்கற மேடை பாரு."

"கழுவிட்டேன் மாமா. மோந்து பாருங்க."

"கழுவினா போயிடுமா? பேச்சுலயும் மீன் மீன்னு வருது... வேற ஏதாவது வெச்சுக்கோங்கோ. இல்லேன்னா லிஸ்ட்லேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும்."

ரெஜினா என்னைப் பார்த்தாள். முகநூலில் தினமும் புரட்சி எழுதுகிறவன் நான். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பூவா மாத்திடறோம் மாமா."

மேடையில் மீன் வராது என்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வந்ததும் அவள் நின்றாள்.

"யோவ் ரைட்டரு... பூக்காரிய லிஃப்ட்ல ஏறாதன்னு எவன்யா சொல்வான்?"

"மொதல்ல மேடை ஏறுவோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஏதோ உளறினேன். அன்றைக்கு வசனத்தில் மீன் வந்த இடமெல்லாம் பூ என்று திருத்தி அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் மாட வீதியில் ஒரு பூக்கூடையும் வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் முறை வந்தது. திரைக்குப் பக்கத்தில் மாமா ஸ்டாப்வாட்சோடு நின்றார். கூடையை நீட்டினேன்.

"அத அங்கியே வையி" என்றாள். வெறுங்கையோடு போனாள்.

மேடை நடுவில் நின்று, வலது கையைத் தூக்கி, தலைக்கு மேல் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஏற ஆரம்பித்தாள். மீன் என்று சொல்லவில்லை. பூ என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு மூச்சு விட்டு, மேலே பேசினாள்.

வாய் தவறி ஒருமுறை சொல்லிவிட்டால்? கையெழுத்து போட்டது நான்.

இரண்டாவது மாடியில் "தள்ளி நில்லுன்றாங்க... நான் எங்க தள்றது, செவுரு கீது" என்றாள். முன்வரிசையில் ஒரு அம்மா புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார். மேடையில் கூடையும் இல்லை, மீனும் இல்லை. அவர் கை தானாகப் போனது. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

ஒன்பதாவது நிமிடம், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. மூச்சு விட்டு விட்டுப் பேசியதில் ரெஜினா மூன்றாவது மாடியில்தான் இருந்தாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அது நடிப்பில்லை.

"மாமா, ஒரே ஒரு நிமிஷம்..."

"எல்லாருக்கும் பத்துதான்பா."

பத்தாவது நிமிடம் திரை விழுந்தது. நாலாவது மாடி வரவே இல்லை. கைதட்டலும் இல்லை, யாரோ இருமினார்கள். திரைக்குப் பின்னால் அவள் கை இறங்காமல் மரத்துப்போய் நின்றது. பிடித்து இறக்கப் போனேன்.

"தொடாத."

நடுவர்கள் ஒரே வரி சொன்னார்கள்: முடிவு இல்லை. அதற்குப் பிறகு ரெஜினா மேடை ஏறவில்லை.

இப்போது நிலைமை வேறு. அடையாறில் மொட்டைமாடி நாடகம், காபி ஷாப் நாடகம் எல்லாம் நடக்கிறது. மீன் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, விசில் அடிக்கிறார்கள். முடிந்ததும் லிஃப்டில் இறங்கிப் போகிறார்கள். அந்த லிஃப்டுகளில் யார் ஏறலாம் என்பது மட்டும் மாறவில்லை. வெறுங்கையையும் எழுதிச் சேர்த்த என் ஸ்கிரிப்டைக் காலேஜ் பிள்ளைகள் போடுகிறார்கள். "அந்த வெறுங்கை ஐடியா சூப்பர் ப்ரோ" என்கிறார்கள். இத்தனை வருஷமாகத் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தச் சபாவின் மர நாற்காலிகளும், திரை விழுவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடமும்... வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் அவளைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஸ்கிரிப்ட்ல உன் பேரையும் போடட்டுமா?"

பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டுச் சொன்னாள்.

"போடு. பூவுன்னு மாத்துனது யாருன்னும் போடு."

நான்தான்.