பாதை காலியா?

பிஸ்ட்ரிசா நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நிலைய அதிகாரியின் சிவப்புத் தொப்பியோடு நின்ற சிரில் தோர்கர், யாராவது சொன்னார்கள் என்பதற்காக ஒரு ரயில் வந்து சேர்ந்ததாக ஒருநாளும் நம்பியதில்லை. கடைசிப் பெட்டியின் பின்விளக்கைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏட்டில் எழுதுவார். எங்களுடையது ஒற்றை ரயில்பாதை. மலையைக் குடைந்து போகிறது. இந்தப் பக்கமிருந்து ஒரு வண்டியை விடுவதற்கு முன் அந்தப் பக்க நிலையத்தைக் கூப்பிட்டு “பாதை காலியா?” என்று கேட்க வேண்டும். “காலி” என்று பதில் வந்தால் வண்டி போகலாம். சிரில் அதை வண்டி எண்ணோடு இரண்டு முறை சொல்லவைப்பார்.

“என்னய்யா, காது அடைச்சுப்போச்சா?” என்று அந்தப் பக்கத்து ஆள் எரிந்து விழுவான்.

“காது நல்லாத்தான் இருக்கு. உன்னை எனக்குத் தெரியும், அதான்.”

இதை ஊரில் நேர்மை என்றார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றியதில்லை. மற்றவர்களை நம்பாதவன் தன்னையும் அதே அளவுக்குச் சோதித்துக்கொள்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டும்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், எங்கள் தன்னார்வத் தீயணைப்புச் சங்கத்தில் ஏழு பேர் சேர்ந்து ஒரு பிளாக்செயின் நோடு நடத்தத் தொடங்கினோம். தலைநகர் லுப்லியானாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ப்ளாஷ்தான் யோசனை சொன்னான். இயந்திரத்தை அவனே அமைத்துக்கொடுத்தான். ஜெனரேட்டர் இருக்கிறது என்பதால் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில், குழாய்ச் சுருள்கள் தொங்கும் சுவருக்குக் கீழே வைத்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பிணையாகக் கட்டியிருந்தோம். அந்த இயந்திரம் செய்யும் வேலை சாட்சி சொல்வது. உலகம் முழுக்க இருக்கும் இப்படிப்பட்ட இயந்திரங்களோடு சேர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ‘கணக்கேடு இப்படி இருக்கக் கண்டேன்’ என்று கையெழுத்திட வேண்டும். அதற்குச் சிறு கூலி கிடைக்கும். கையெழுத்துக்கு ஒரு சாவி உண்டு. நீளமான ஒரு ரகசிய எழுத்துவரிசை, அவ்வளவுதான். ஒரு சாவி ஒரு நேரத்தில் ஓரிடத்திலிருந்துதான் கையெழுத்திடலாம். இரண்டு இடத்திலிருந்து வந்தால் வலையமைப்பு அதை மோசடி என்று எடுத்துக்கொள்ளும். காரணம் கேட்காது. பிணையில் ஒரு பகுதியை வெட்டி, ஆளை வெளியே தள்ளி, எல்லோரும் பார்க்கும் ஏட்டில் குற்றவாளி என்று எழுதிவிடும். அதை அழிக்க முடியாது.

காவலுக்கு யார் என்றபோது, சிரிலைத் தவிர வேறு பெயர் யார் வாயிலும் வரவில்லை. ஐந்து வருடம் ஒரு கறை இல்லாமல் போயிற்று. ப்ளாஷ் அவரை ‘மேஸ்திரி’ என்று கூப்பிட ஆரம்பித்தான். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது.

போன வருடம் ப்ளாஷ் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளை அதோடு இணைத்தான். நாம் எழுதிக் கேட்டால் அது இயந்திரத்தைப் பார்த்துப் பதில் எழுதும். தேவையான கட்டளைகளைத் தயார் செய்யும். நாம் சரி என்றால் நிறைவேற்றும். சிரில் அதற்குக் கத்துக்குட்டி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு கட்டளையையும் உரக்கப் படித்து, நோட்டில் கையால் எழுதி, பிறகுதான் சரி சொல்வார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். ரயில் நிலையத்துப் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார். பெரிய மாற்றம் எதற்கும் முன்னால் அது “பாதை காலியா?” என்று கேட்க வேண்டும். அவர் “காலி” என்று எழுதினால்தான் மேலே போகும்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏப்ரலில் ஒருநாள் நாற்பது நிமிடம் எங்கள் நோடு ஒரு கையெழுத்தும் போடவில்லை. உதவியாள் அவ்வளவு நேரமும் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றே எழுதிக்கொண்டிருந்தது. சிரில் குடைந்து குடைந்து கேட்டதும், ‘நான் பார்த்தது பழைய பக்கம். எத்தனை மணிக்குப் பார்த்த நிலை என்று சொல்லியிருக்க வேண்டும்’ என்று ஒப்புக்கொண்டது.

“கேட்டா ஒத்துக்குது லோய்சே. கேக்கலேன்னா?” என்றார் என்னிடம்.



அக்டோபர் நடுவில் ஆப்பிள் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இவாங்கா பையைக் கொடுத்து நிலவறைக்கு அனுப்பினாள். “சுவரோரம் இருக்கிறதை எடுக்காதே. அதெல்லாம் சுருங்கிப்போச்சு. இந்த மனுஷன் ஈரத்தை உறிஞ்சுற மிஷின்னு ஒண்ணு கொண்டாந்து வெச்சார். அது ஆப்பிளைத்தான் உறிஞ்சுது.”

பறித்து மூன்று வாரம்கூட ஆகாத ஆப்பிள்கள், கிழவன் கன்னம் மாதிரி சுருங்கிக் கிடந்தன. ஆப்பிள் அடுக்கிய அலமாரித் தட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இளஞ்சூடாக இருந்தது. அதிலிருந்து இணையக் கம்பி ஒன்று மேலே போயிற்று. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கு இணையம் எதற்கு?

சிரில் படியில் நின்றிருந்தார். “பார்த்துட்டியா?”

“என்னய்யா இது?”

“காவலுக்குக் காவல். சாவியோட நகல் இதுல இருக்கு. நம்ம நோடு இருபது நிமிஷம் வாயைத் திறக்கலேன்னா இது எந்திரிச்சுக் கையெழுத்துப் போடும். அதுவரைக்கும் தூங்கும்.”

“கத்துக்குட்டிக்குத் தெரியுமா?”

“யாரைக் காவல் காக்குறமோ அவன்கிட்டயே போய்ச் சொல்வியா நீ?”

“ப்ளாஷுக்கு?”

“அவன்தானே அதைக் கொண்டாந்தது.”

பையில் ஆப்பிளை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தூங்குவதை எழுப்புவானேன் என்று நினைத்தேன்.

அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை புது இயந்திரத்துக்கு மாறினோம். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. நிலையத்தில் சிரிலும் நானும் மட்டும். சாமந்தித் தொட்டி ஏற்றிய வண்டிகள் வாசலில் போய்க்கொண்டே இருந்தன.

பழைய இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்னால் திரையில் ஒரு கேள்வி வந்தது. சிரில் வழக்கம்போல் உரக்கப் படித்தார்: “இந்தச் சாவி வேறு எந்த இயந்திரத்திலாவது இருக்கிறதா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதினார்.

“யோவ், அதைப் போய்...”

“சும்மா இருய்யா. இது சொதப்பினா அது வேணும். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கேன். ஒன்பது பத்துக்கு நிறுத்துறோம், ஒன்பது இருபத்தஞ்சுக்குப் புதுசு எந்திரிச்சிடும். அஞ்சு நிமிஷம் மிச்சம்.”

ஒன்பது பத்துக்குப் பழையது நின்றது. உதவியாள் சாவியை மாற்றும் கட்டளைகளை எழுதியது. சிரில் ஒவ்வொரு வரியையும் படித்து, நோட்டில் எழுதி, மறுபடி படித்தார். இரண்டு நிமிட வேலை ஏழு நிமிடம் இழுத்தது. அதன்பின் உதவியாள், இந்தச் சாவியில் வேறு யாராவது கையெழுத்திடுகிறார்களா என்று பதின்மூன்று நிமிடம் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியது. திட்டத்தில் இருந்ததுதான் அது.

சிரில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தை. எழுந்து ஜன்னலோரம் போய் வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

“இவாங்கா கல்லறைக்குப் போயிருப்பா. பூ வைக்க” என்றேன்.

“தெரியும்” என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை போட்டார்.

அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்ததை அப்போது பார்த்தேன். எதற்கென்று அப்போது புரியவில்லை. ஏழையும் பதின்மூன்றையும் கூட்டிப் பார்த்திருந்தால், நிலவறைப் பெட்டி எழுந்துகொள்ளும் இருபது நிமிடம் என்று புரிந்திருக்கும். நான் கூட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பது முப்பதுக்குத் திரையில் வரி வந்தது. அதையும் உரக்கப் படித்தார். ஆனால் குரல் அவருடையதாக இல்லை. “எதுவும் கேட்கவில்லை. பாதை காலியா?”

நிறுத்து என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். விரல் விசைமேல் இருந்தது. ஒரு வண்டி வாசலில் நின்று, சாமந்தித் தொட்டி ஒன்றைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டது. ‘காலி’ என்று எழுதினார்.

எட்டு நிமிடம் கழித்து இன்னொரு வரி வந்தது. ‘இதே சாவியில் இன்னோர் இடத்திலிருந்து வேறொரு கையெழுத்து வந்திருக்கிறது. நான் நிறுத்திவிட்டேன். பிந்திவிட்டது.’

சிரில் அதைப் படிக்கவில்லை. நான்தான் படித்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் திருப்பலி முடிந்து, விடுதியின் பின்னறையில் ஏழு பேரும் கூடினோம். மாட்டிறைச்சி சூப் வந்தது. யாரும் கரண்டியை எடுக்கவில்லை. வெட்டிய தொகை நாங்கள் பயந்ததைவிடக் குறைவு என்று ப்ளாஷ் சொன்னான். அது யாரையும் ஆற்றவில்லை. எங்கள் நோடின் பெயருக்கு நேரே ‘குற்றவாளி’ என்ற சொல் ஏறிவிட்டது. இன்னும் முப்பத்தாறு நாளில் வெளியே தள்ளுவார்கள்.

“அப்பவே சொன்னேன், அந்தக் கத்துக்குட்டிப் பேயைத் தூக்கிப் போடுங்கன்னு” என்றாள் மருந்துக்கடை மார்யெதா. எங்கள் சங்கத் தலைவி அவள்தான்.

ப்ளாஷ் தன் கைபேசியை மேசையில் வைத்து உதவியாளிடம் கேட்டான். அது நடந்ததை நேரத்தோடு எழுதியது. தான் கேட்ட கேள்வி, வந்த பதில், காது கொடுத்த பதின்மூன்று நிமிடம். ‘ஒரே முறை கேட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது இயந்திரம் யாருடையது என்று எனக்குத் தெரியாது’ என்று முடித்திருந்தது.

“அப்போ எவனோ சாவியைத் திருடியிருக்கான்” என்றாள் மார்யெதா. பார்வை மெல்ல ப்ளாஷ்மேல் திரும்பியது. “முதல்முதல்ல சாவியை உருவாக்கினது யாரு? பழைய டிஸ்க்கை மாத்துறேன்னு வீட்டுக்குக் கொண்டுபோனது யாரு?”

“மார்யெதா, என்ன பேசுறீங்க? என் பங்கும்தானே போச்சு!”

“கேள்விதான் கேக்குறேன். பதில் சொல்லிட்டுப் போ.”

மற்ற மூவரும் சூப்பைப் பார்த்தார்கள். ஐந்து வருடம் அவனோடு ஒரே குழாயைப் பிடித்துத் தீயணைத்தவர்கள். ப்ளாஷின் முகம் வெளுத்துவிட்டது. “மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க” என்றான்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆப்பிள்களைப் பார்த்தவன் நான். சிரில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அதை நட்பு என்று சொல்லிக்கொண்டேன்.

சிரில் எழுந்தார். நிலையத்தில் வண்டி எண் சொல்லும்போது நிற்பதைப்போல, கையைத் தொங்கவிட்டு நேராக நின்றார்.

“ரெண்டாவது மிஷின் என்னோடது. வீட்டு நிலவறையில ஏப்ரல்லேருந்து இருக்கு. சாவி வேற எங்கயாவது இருக்கான்னு அது கேட்டுச்சு. இல்லன்னு எழுதினேன். பாதை காலியான்னு கேட்டுச்சு. காலின்னு எழுதினேன். காலி இல்ல.”



“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?” மார்யெதாவின் குரல் இறங்கியிருந்தது.

“ஒன்பது இருபதுக்கு.”

“பத்து நிமிஷம் இருந்துச்சே! நிறுத்துன்னு ஒரு வார்த்தை எழுதறதுக்கென்ன?”

“எழுதினா ஏன்னு கேட்கும். அதுகிட்டப் போய் நான் பொய் சொன்னேன்னு சொல்லவா?” சிரில் உட்கார்ந்தார். “முப்பத்தொரு வருஷத்துல ஒருதரம்கூட இல்லாத காலியை நான் காலின்னு சொன்னதில்ல. மிஷின்கிட்டச் சொல்றது பொய்யில சேராதுன்னு நெனச்சேன்.”

“கத்துக்குட்டியைச் சந்தேகப்பட்டீங்க, சரி. என்னையுமா?” என்றான் ப்ளாஷ்.

“உன்னையும்தான்” என்றார் சிரில். அதையும் மறைக்கவில்லை.

ப்ளாஷ் கரண்டியை எடுத்து ஆறிப்போன சூப்பைக் குடித்தான். அதற்கப்புறம் அவன் அவரை மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. சிரில் என்கிறான்.

‘காலி’ என்ற அந்தச் சொல்லைப்பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கேட்கிறவன் யார் என்பதை வைத்தா ஒரு சொல் பொய்யாகிறது? சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் யார் தொலைபேசியை எடுத்தாலும், மோதுவது என்னவோ வண்டிகள்தான். சிரிலுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

புதுச் சாவியோடு மறுபடி தொடங்குவதா என்று வாக்கெடுத்தோம். ஐந்துக்கு இரண்டு. காவலுக்கு யார் என்றதும் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தினம் காலையில் போய்ப் பார்க்க வேறு யாருக்கும் பொறுமை கிடையாது என்பதால் சிரிலே தொடர்ந்தார். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.

ஜனவரியில் தொடங்கினோம். முழங்கால்வரை பனி. இந்த முறை ஏழு பேரும் பின்னறையில் நின்றோம். திரையில் அந்தக் கேள்வி வந்தது: ‘இந்தச் சாவி வேறு எந்த இயந்திரத்திலாவது இருக்கிறதா?’ சிரில் உரக்கப் படித்தார். பதில் எழுதாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரம் காத்திருந்தோம். முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தார், கறுப்புப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு. மேசைமேல் வைத்தார். கம்பிகள் தொங்கின. அதன் பிறகுதான் ‘இல்லை’ என்று எழுதினார்.

“இதுல ஒண்ணுமில்லதானே?” என்றாள் மார்யெதா.

“பிரிச்சுப் பாருங்க.”

ப்ளாஷ் திருகாணியைக் கழற்றிப் பிரித்தே பார்த்தான். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் புளித்த முட்டைக்கோஸ் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். நிலவறையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் போன கை சும்மா இருக்கவில்லை. தட்டுக்குப் பின்னால் துழாவினேன். சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சுவரோரத்து ஆப்பிள் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

படியில் காலடி கேட்டுத் திரும்பினேன். இவாங்கா கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

“நீயும் அமுக்கிப் பார்க்குறியா?” என்றாள். “நான் தினம் காலையில பார்த்துடுறேன்.”