தோலின் உள்பக்கம்

ஒட்டீலியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆளும் கிடையாது. அவள் புருஷன் செத்தபோது இருபதடி தூரத்தில் நின்றவன் நான்தான்.

நமீபியாவில், ஊட்யோவுக்கு வடக்கே, ஆரென்ட் என்பவரின் வேட்டைப் பண்ணை. அதில் நாங்கள் ஆறு குடும்பம். என் பெயர் எலியாசர். வண்டி ஓட்டுவேன். ஐரோப்பாவிலிருந்து வரும் வேட்டைக்காரர்களோடு சுற்றிச் சுற்றி ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டேன். அதனால் அவர்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலையானது. ஒட்டீலியாவின் புருஷன் கெர்சன், தடம் பார்ப்பவன். அவள் தோல் உரிப்பவள்.

பெண்பிள்ளை தோல் உரிப்பது எங்கள் டமாரா ஜனங்களிடமும் வழக்கமில்லை. அவள் அப்பன் பார்த்த வேலை அது. ஒரு வேட்டைப் பருவத்தில் அவனைப் பாம்பு கடித்துக் கை வீங்கிப்போக, இவள் கத்தியை எடுத்தாள். அப்பனுக்குக் கை சரியான பிறகும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரிய மான் ஒன்றை முக்கால் மணி நேரத்தில், தோலில் ஒரு சிராய்ப்பு விழாமல் உரித்துப் போடுவாள். வாயும் அதே போலத்தான். ஒருமுறை கொட்டகையில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, நீ செத்தா உன்னயும் நான்தான் உரிப்பேன். உள்ள முதுகெலும்புன்னு ஒண்ணு கெடைக்குமான்னுதான் சந்தேகம்." எல்லோரும் சிரித்தார்கள். கெர்சன்தான் அதிகமாகச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

அந்த ஜூன் மாதக் காலையில் ஒரு விருந்தாளி ஓரிக்ஸ் ஒன்றைச் சுட்டார். மாட்டளவு மான் அது. இரண்டு கொம்பும் கடப்பாரை போல நேராக நிற்கும். சுட்டதும் நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுந்தது. விருந்தாளி குதித்தார். கெர்சன் குதிக்கவில்லை. அடிபட்டு ஓடுகிற மிருகத்தை நம்பலாம், நின்ற இடத்தில் விழுவதை நம்பக் கூடாது. தோட்டா முதுகெலும்பை உரசிப் போயிருந்தால் அது மயங்கித்தான் கிடக்கும், சற்று நேரத்தில் எழுந்துவிடும். அதனால் விழுந்ததும் இரண்டாவது தோட்டா போட வேண்டும். துப்பாக்கியோடு நின்ற ஆரென்டுக்கும் இது தெரியும்.

"பாஸ், இன்னொண்ணு போடுங்க" என்றான் கெர்சன்.

"கழுத்துல ரெண்டாவது ஓட்ட விழுந்தா தோலு பாழுடா. செவத்துல மாட்டுற தல அது. போ, போய்ப் பாரு."

கெர்சன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நீளக் குச்சியை எடுத்துக்கொண்டு, முறைப்படி முதுகுப் பக்கமாகப் போனான். குச்சி நுனியால் கண்ணைத் தொட வேண்டும். கண் சிமிட்டாவிட்டால் செத்தது என்று அர்த்தம். குச்சி கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. ஓரிக்ஸ் கழுத்தை வளைத்து ஒரே வீச்சாக வீசியது. விலாவுக்குக் கீழே நுழைந்த கொம்பு முதுகு வழியாக வெளியே வந்தது. எழுந்து நின்று அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. அவன் ஒரு கையால் மற்றக் கொம்பைப் பிடித்தபடி தொங்கினான். ஆரென்ட் துப்பாக்கியைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். சுட்டால் கெர்சன் மேல் படும். கெர்சன் இடுப்பிலிருந்து கத்தியை உருவி அதன் தொண்டையில் குத்தினான். ஏழு முறை. எண்ணியது நான். இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாய்க் கொட்டிக்கொண்டிருக்க, அது முழங்கால் மடங்கி அவன் மேலேயே விழுந்தது. நாங்கள் போய்ப் புரட்டியபோது அவனுக்கும் உயிர் இல்லை, அதற்கும் இல்லை.

பண்ணைக்குத் திரும்பினோம். வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே அவன், பக்கத்தில் அது. ஒட்டீலியா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஆரென்ட் அவளிடம் வந்தார்.

"வெயில் ஏறுது ஒட்டீலியா. ஒடனே உரிக்கலேன்னா மயிர் கொட்டிப் போகும்."

அவள் உரித்தாள். புருஷன் ரத்தம் காய்ந்திருந்த கொம்பைப் பிடித்துக்கொண்டே உரித்தாள். மண்டையை வேகவைத்துச் சதையைச் சுரண்டி எடுத்தவளும் அவள்தான். வீடு பண்ணையுடையது, வேலையும் பண்ணையுடையது. மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது?

விசாரணைக்கு வந்த போலீஸிடம் ஆரென்ட் வேறு கதை சொன்னார். கெர்சன் குடித்திருந்தான். முன்பக்கமாகப் போனான். தான் கழுத்தில் இரண்டாவது தோட்டாவும் போட்டதாகவும், மூன்றாவதும் போட்டுத்தான் மிருகத்தைச் சாய்த்ததாகவும் சொன்னார். இதுதான் அவர் கதை. என்னைக் கேட்டார்கள். "பாஸ் சொல்றதுதான் சார்" என்றேன். எனக்கும் மூன்று பிள்ளைகள்.

அந்தத் தலை, கழுத்தும் தோளும் சேர்த்து, நகரத்தில் பாடம் செய்யப்பட்டு, விருந்தாளிகள் தங்கும் பண்ணை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. தைத்த இடங்களை மயிர் மறைத்துவிட்டது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் ஆரென்ட் அதன் கீழே உட்கார்ந்து குடிகாரத் தடக்காரனின் கதையைச் சொல்வார். நான் அதை ஜெர்மனிலேயே கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒட்டீலியா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் புருசன் குடிக்காம செத்தான்னு ஒருத்தனாவது சொல்லணும்." இதை இரண்டு வருஷம் என்னிடம் வாரம் ஒரு முறையாவது சொன்னாள். நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வருஷம் லைட்னர் வந்தார். ஆஸ்திரியாக்காரர். தன் ஊர் வேட்டைக்காரர்களைப் பருவத்துக்கு இருபது பேராக ஏதாவது ஒரு பண்ணைக்கு வருஷா வருஷம் அனுப்பி வைக்கிற முகவர். எந்தப் பண்ணை என்று தேர்ந்தெடுக்கத்தான் வந்திருந்தார். எங்களைத் தேர்ந்தெடுத்தால் பண்ணை பிழைக்கும். இல்லாவிட்டால் ஆரென்ட் விற்றுவிடுவார். வாங்கத் தயாராக இருந்தவன் மாடு வளர்ப்பவன், அவனுக்கு எங்களால் ஒரு பயனும் இல்லை. ஆறு குடும்பமும் இதைத் தெரிந்துதான் அன்று காலை முற்றம் பெருக்கினோம்.

ஆரென்ட் அவருக்கு அறைகளையும் நீச்சல் குளத்தையும் காட்டப் போனார். லைட்னர் கையை ஆட்டிவிட்டார்.

"கட்டில் எங்க போனாலும் கட்டில்தான். தோல் உரிக்கிற எடத்தக் காட்டுங்க. அதப் பாத்தா பண்ணையப் பத்தித் தெரிஞ்சுடும்."

கொட்டகைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒட்டீலியா ஒரு வரிக்குதிரையைக் கொக்கியில் தொங்கவிட்டு உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ரத்தம். லைட்னர் உப்புப் போட்ட தோல்களைப் புரட்டிப் பார்த்தார், கத்திகளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: "இவங்ககிட்டக் கேளு. இங்க ஆளுங்களுக்குப் பாதுகாப்பு எப்படி? மொதலாளி சுடவேண்டிய நேரத்துல சுடுவாரா?"

கேட்டேன். அவள் கத்தியை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "ஒரு தோட்டாவுக்குக் கஞ்சத்தனம் பண்ணி என் புருசனக் கொன்னான்னு சொல்லு. செத்தவன் மேல குடிகாரன்னு பழியும் போட்டான்னு சொல்லு. நீ பக்கத்துல நின்னு பாத்தேன்னும் சேத்துச் சொல்லு, தம்பி."

ஆறு குடும்பத்தின் அடுப்பும் அந்த நிமிஷம் என் வாயில்தான் எரிந்துகொண்டிருந்தது. லைட்னரிடம் திரும்பி, "பத்து வருஷமா இங்க இருக்காங்களாம், ஒரு குறையும் இல்லையாம்" என்றேன்.

லைட்னர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் அவள் கத்தி நின்றது. அவள் சொன்னதைக் கேட்டு எந்த மனுஷனும் சிரித்திருக்க மாட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாடு. அந்தத் தலைக்குக் கீழே ஆரென்டும் லைட்னரும், பரிமாற நான். ஆரென்ட் கதையைத் தொடங்கி, மூன்றாவது தோட்டாவுக்கு வந்திருந்தார். ஒட்டீலியா ரத்த ஏப்ரனோடு உள்ளே வந்தாள். கையில் உரிக்கும் கத்தி.

"வெளிய போ!" என்றார் ஆரென்ட்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, தலையின் பிடரியில் கத்தியை இறக்கினாள். தோள்வரை ஒரே கிழி. ஆரென்ட் பாய்ந்து அவள் முடியைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினார். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் விடவில்லை. கத்தியைத் திருப்பி அவர் புறங்கையைக் கீறினாள். அவர் அலறிக்கொண்டு பின்வாங்கினார். அவள் இரண்டு கையாலும் தோலைப் பற்றி இழுத்தாள். அது பசை விட்டுக் கிழிந்து, உள்ளே அடைத்திருந்த சுண்ணாம்பு பொரிந்து கொட்டியது. உரிந்த தோலை உள்பக்கம் மேலே தெரிய லைட்னரின் தட்டின் மேல் போட்டாள். அவள் வாயிலிருந்து ரத்தம் அதன் மேல் சொட்டியது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நடுவில் நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.

லைட்னர் வேட்டைக்காரர். மேசையைத் துடைத்துவிட்டுத் தோலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தோளுக்கு மேலே தைத்து மூடிய வட்டத் துளை, ஒன்றே ஒன்று. தொண்டையில் நீளநீளமாகத் தையல்கள். கத்திக் குத்துக்கும் தோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? விரலை வைத்து ஏழையும் எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காலையில இவங்க உண்மையில என்ன சொன்னாங்க?"

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஒட்டீலியா வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆரென்டும் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

லைட்னர் கையைக் கழுவிக்கொண்டு தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த மாதமே பண்ணை விலை போனது. ஆறு குடும்பமும் சட்டி பானையோடும் ஆடுகளோடும் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்தோம். எல்லோரும் ஒட்டீலியாவைத் திட்டினார்கள். என் பெண்டாட்டி அவள் மேல் கல்லை எடுத்து எறிந்தாள். நானும் திட்டினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. அன்று நான் சொன்ன பொய் என் காதிலேயே விழக்கூடாது என்றுதான் அப்படிக் கத்தினேன்.

லைட்னர் கடைசியில் தேர்ந்தெடுத்தது கமான்யாப் பக்கம் ஒரு பண்ணை. தோல் உரிக்க ஒட்டீலியாவை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் ஆட்களை அனுப்பச் சம்மதித்தாராம். ஒரு வருஷம் விறகு விற்றுப் பார்த்துவிட்டு, அங்கே வண்டியோட்டி வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அந்தப் பண்ணைக்காரர் நல்ல மாதிரி. கொட்டகைப் பக்கம் திரும்பி அவர் குரல் கொடுக்க, ஒட்டீலியா கையைத் துடைத்தபடி வந்தாள். முன்பல் இரண்டு இல்லை.

"இந்த ஆள ஒனக்குத் தெரியுமாம்மா? எப்படி?"

இருவரும் பண்ணைகளில் எல்லோருக்கும் தெரிந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பேசிக்கொண்டார்கள், மாற்றிச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை.

"வண்டி நல்லா ஓட்டுவான் பாஸ். குடிக்க மாட்டான். திருட மாட்டான்" என்றாள். மேலும் சொன்னாள்: "ஆனா அவன் பக்கத்துல நம்ம ஆளு யாராவது செத்தா, எப்படிச் செத்தான்னு நமக்குத் தெரியாமயே போயிரும்."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். வெளிக்கதவு தூரம் அதிகம். அவள் கொட்டகைக்குத் திரும்பிக் கத்தி தீட்டத் தொடங்கிய சத்தம் பாதி வழி வரை கேட்டுக்கொண்டிருந்தது.