தரை ஆடவில்லை

முதலில் உள்ளங்கால் கூசும், அடுத்த நொடி அடுக்களையில் அலுமினியக் குண்டான்கள் கிணுகிணுக்கும், அதற்குப் பிறகுதான் பூமிக்கடியில் யாரோ பெரிய கதவை அறைந்து சாத்தியதுபோல் சத்தம் காதுக்கு வந்து சேரும். அறுபதுகளில் கோலார் தங்க வயலில் வளர்ந்த எங்களுக்கு அதன் பெயர் "பர்ஸ்ட்டு". சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்குவது. உள்ளே வேலைக்குப் போன அப்பாவை நினைத்து வயிறு புரளும், முழங்கால் நடுங்கும். ஆகவே கால் நடுங்கினால் பூமி நடுங்குகிறது என்றே ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன். என் சொந்தக் கால், என்னைக் கேட்காமல், தானாகவே ஆடும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த வயதில்தான் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். தலைப்பு, வீரம். "என் தந்தை அஞ்சாத சிங்கம்" என்று ஒரு வாரமாகச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மொத்தத்துக்கும் கேட்கும்படி ஒத்திகை பார்த்து, வாய் ஓயாத எனக்கே பரிசு என்று முடிவும் செய்துவிட்டு மேடையேறினேன். "அவையோரே" என்றேன். உள்ளங்கால் கூசியது. வயிறு புரண்டது. முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது.

"பர்ஸ்ட்டு! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினேன்.

ஓடியவர் ஒருவர்தான்: பெங்களூரிலிருந்து வந்திருந்த நடுவர். எங்கள் ஊர்ப் பெண்கள் அசையவில்லை. என் அப்பாவும் பல வீட்டு ஆண்களும் அப்போது பகல் ஷிப்டில் பூமிக்குள் இருந்தார்கள். மூன்றாம் வரிசையில் அம்மா செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் அழுத்தினாள். சுற்றியிருந்த பெண்களும் அப்படியே. முகங்களில் ரத்தமே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பாதங்களால் கேட்டார்கள். பிறகு அம்மாவின் தோள் மெல்லத் தளர்ந்தது.

"தரை சும்மாதான் கீது. உன் காலுதான்டி ஆடுது."

"சிங்கம் பெத்தது இன்னாடி இப்டி உதறுது?" என்றாள் பக்கத்து வீட்டு ராணியக்கா. "அந்த நடுவர் ஐயாவ யாரனா புடிச்சினு வாங்கப்பா!"

கூடம் சிரித்து ஓய்ந்ததும், "எறங்காத, பேசு" என்றாள் அம்மா. ஆடும் காலோடு பேசி முடித்தேன். மூன்று பேர் கலந்துகொண்ட போட்டியில் மூன்றாம் பரிசு எனக்கே.

அப்பா ஷிப்ட் முடிந்து மேலே வருவதற்குள் கதை சுரங்க வாசலுக்குப் போய்விட்டது. கூட்டாளிகள் முன்னால் அவர் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து அழுதுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, காலு இன்னும் ஆடுதா?" என்றார் வீட்டுக்கு வந்த அப்பா. நான் கதவை இன்னும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "எனக்கும் தெனம் அப்டித்தான். ஆளுங்கள எறக்குற கேஜு லிப்ட்டு கீழ போவ ஆரம்பிச்சா வயிறு மேலயே நின்னுடும், நான் மட்டும் எறங்கிடுவேன். சாய்ங்காலம் வந்து எடுத்து மாட்டிக்குவேன்."

அடுப்படியிலிருந்து அம்மா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவளும் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டிருக்க வேண்டும்.

சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிறது. பூமி இப்போது சத்தம் போடுவதில்லை. பாதத்தால் அதைக் கேட்கத் தெரிந்தவர்களும் அநேகமாகப் போய்விட்டார்கள். எப்போதாவது சுரங்கத் தொழிலாளர் நினைவாகக் கூட்டம் போட்டு, "அஞ்சா நெஞ்சர்கள்" என்று தட்டி கட்டி, என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். என் அப்பா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பயந்தார் என்று நான் தொடங்கினால் முன்வரிசையில் சிலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. அவமதிப்பதாக நினைக்கிறார்கள். பயந்தார், மறுநாளும் இறங்கினார் ஐயா. இதைவிடப் பெருமையாக அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.