கடலோரத்தில் கிடைத்த மதினி

தல்லாகுளத்துக் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அயர்லாந்திலிருந்து என் மகன் செந்தில் கூப்பிட்டான். "அம்மா, அத்தை தூக்கத்துலேயே போயிட்டாங்க." அவன் சொன்ன அத்தை அவனுடைய மாமியார், என் சம்பந்தி பாண்டியம்மாள். பையைக் கடையிலேயே விட்டுவிட்டுத் திருப்பரங்குன்றத்துக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவர் செய்த கூத்துகளே நினைவுக்கு வந்து, கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பாண்டியம்மாளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அந்த வாய்க்கு முன்னால் துக்கம் அதிக நேரம் நிற்காது.

ஆனால் எங்கள் தொடக்கம் சிரிப்பாக இல்லை. அவர் மகள் கவிதாவும் செந்திலும் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். பாண்டியம்மாளுடையது நிலம் உள்ள குடும்பம். என் அம்மா மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர். சாதி வேறு. கல்யாணத்துக்குப் பாண்டியம்மாள் வரவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் மகளுடன் போனில் பேசத் தொடங்கினார். என்னோடு ஒரு வார்த்தையும் இல்லை.

விடுமுறைக்கு வரச்சொல்லி எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பிய கவிதா, இன்னொருவரும் வருகிறார் என்பதை இருவரிடமும் மறைத்துவிட்டாள். மதுரை விமான நிலையத்தில்தான் பார்த்துக்கொண்டோம். பக்கத்துப் பக்கத்து இருக்கை. விமானம் எழும்பியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். மேகத்துக்கு மேலே போனதும் விட்டுவிட்டு, "அவசரத்துக்குப் பிடிச்சேன், வேற ஒண்ணும் நெனச்சுக்கிறாதீங்க" என்றார்.

அயர்லாந்தில் பிள்ளைகளின் வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே அறை. "எனக்கு என் கைச் சாப்பாடுதான் ஒத்துக்கும்" என்று அவர் தனியாகச் சமைத்துக்கொண்டார். நான் கைவைத்த எதையும் தொடவில்லை. கூப்பிடும்போதும் "இந்தாங்க", "இங்க பாருங்க"தான். எங்கள் பக்கம் சம்பந்திப் பெண்கள் ஒருவரையொருவர் மதினி என்பார்கள். அந்த முறை சொல்லிக் கூப்பிட மாட்டார். ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் கவிதா குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த ஊரில் காலையில் வயதான பெண்கள் கூட்டமாக வந்து கடலில் நீந்துவார்கள். தண்ணீர் ஐஸாக இருக்கும். பல நாள் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் ஒரு காலையில் விசுக்கென்று எழுந்தார். "இம்புட்டுக் குளிர்ல அந்தப் பொம்பளைக நீந்துதுக. நான் தோட்டத்துக் கிணத்துல குதிச்சு வளந்தவ. எனக்கென்ன?" நைட்டிக்கு மேலே மருமகனின் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கவிதா பின்னால் ஓடினாள். எனக்கு நர்ஸ் புத்தி. கம்பளியும், பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பியும் எடுத்துக்கொண்டு போனேன்.

காலை வைத்ததும் "ஆத்தாடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற நாய்கள் குரைத்தன. அப்புறம் நீந்தினார் பாருங்கள்! அந்த ஊர்ப் பெண்கள் கைதட்டினார்கள். வெளியே வந்தபோது பல் தந்தியடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பளியால் சுற்றி உட்கார வைத்து, உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுக் காப்பியை நீட்டினேன். ஒரு கணம் டம்ளரையே பார்த்தார். வாங்கினார். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"மதினி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

கவிதா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் முகத்தையே பார்த்தபடி ஊற்றியதில் பாதிக் காப்பி மணலில் போயிற்று. "குளுருறது எனக்கு. மண்ணுக்கு ஏன் ஊத்துறீங்க?" என்றார். அன்று மதியம் நான் வைத்த மீன்குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்புக் குறைவு என்று குறையும் சொன்னார்.

கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று பிறகொரு மாலை கேட்டேன். "சொந்தக்காரனுகளுக்குப் பயந்தேன் மதினி. பெத்த மகளவிட அவனுக பேச்சு பெருசாத் தெரிஞ்சுச்சு" என்றார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை.

அந்த 'மதினி' மதுரை வரை வருமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. விமான நிலையத்துக்கு அவருடைய மூத்த மகன் முருகேசன் கார் கொண்டுவந்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டேய், மதினி பெட்டியையும் ஏத்து. தல்லாகுளத்துல விட்டுட்டுப் போவோம்" என்றார் பாண்டியம்மாள். பெட்டி ஏறியது. அடுத்த வாரமே பாண்டியம்மாள் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தன் வீட்டுக் காதுகுத்துக்கு அழைத்து என்னை முன்னால் உட்கார வைத்தார். யார் இது என்று கேட்ட உறவுக்காரரிடம், "எம் மருமகனப் பெத்தவுக. தெரியலைன்னா இப்பத் தெரிஞ்சுக்க" என்றார்.

அவர் இறந்த அன்று திருப்பரங்குன்றத்து வீட்டில் பெருங்கூட்டம். ஓரமாக நின்றேன். இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவர உறவுப் பெண்கள் குடத்தோடு கிளம்பினார்கள். முறைக்காரர்கள் மட்டும் போகும் சடங்கு. நான் விலகி வழிவிட்டேன். சிவந்த கண்களோடு முருகேசன் என் முன்னால் வந்து ஒரு குடத்தை நீட்டினார். "அத்தை, நீங்க ஏன் நிக்கிறீங்க? வாங்க." அதுவரை அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடத்தை வாங்கிக்கொண்டேன்.

பாண்டியம்மாள் எனக்கென்று விட்டுச்சென்றது அந்த வீட்டில் உறவாக நுழையும் உரிமை. கருமாதி முடிந்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை முருகேசன் போன் செய்தார். "அத்தை, கறி எடுத்தாச்சு. எங்க இருக்கீங்க?" வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

"பஸ் ஏறப் போறேன்யா, வாரேன்" என்றேன்.